எட்டுப் போசாச் செடிகளை வெட்டிய நாள்

நம் தமிழ்க் கூட்டத்தில் ஆளுக்கொரு சிறுவயது நினைவை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவானபோது எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினீர்கள். ஒருவர் ஆற்றில் குதித்து நீந்திய கதையைப் படித்தார். இன்னொருவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வட்ட ரயிலில் ஊரைச் சுற்றிவந்த கதையைப் படித்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். என் முறை வந்ததும் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன். கண்ணாடி என் பையில்தான் இருந்தது. அறுபதைத் தாண்டிவிட்ட நமக்கு இனி யாரிடம் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருக்கிறது. எழுதி முடிக்கும்போது யாரிடம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு க்யிம்யிண்டைங் பேட்டையில், படகுத்துறைக்கு இறங்குகிற சந்தில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பலகை வீடு. பின்பக்கம் குறுகலாக நீண்டு போகும் ஒரு துண்டு நிலம். அதன் வேலியோரம் எட்டுப் போசாச் செடிகள் நின்றன. தமிழ்நாட்டில் இதை முசுக்கொட்டை என்பார்களாம், பர்மாவில் இருக்கிற நமக்குப் போசாதான். பழம் முதலில் பச்சையாக, அப்புறம் சிவந்து, கடைசியில் மையைப் போலக் கறுக்கும். பறித்த விரலும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் மூன்று நாளைக்கு ஊதாவாகவே இருக்கும்.

செடிகள் என் அக்காவுடையவை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. யாரோ வெட்டி எறிந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டுவந்து நட்டு வளர்த்தவள் அவள். வருஷா வருஷம் குளிர் முடிகிற சமயம் அவற்றை வெட்டிவிடுவதும் அவள்தான். இலவ மரத்தை நாம் லெட்பான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம் இல்லையா, அந்த லெட்பானின் சிவப்புப் பூக்கள் தெருவில் விழ ஆரம்பித்தால் அவளுக்குக் கை பரபரக்கும். பூ விழுந்து முடிவதற்குள் போசாவை வெட்டியாக வேண்டும். அப்போதுதான் திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகைக்குப் பழம் கிடைக்கும். பண்டிகையன்று பழத்தைப் பிழிந்து, பனைவெல்லமும் உப்பும் போட்டுக் கலக்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் குவளை குவளையாகக் கொடுப்பாள். வானொலிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுப்பாள். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும் அவளுக்கு.

வெட்டுவதற்கு முறை உண்டு. முதலில் இலையை எல்லாம் கையால் உருவிவிட வேண்டும். செடி மொட்டையாக நிற்கும். பிறகு போன வருஷம் வெட்டிய இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவாகத் தேடிப் பிடித்து, சாய்வாக ஒரே வெட்டு. பால் கசியும். அதன்மேல் சாணியும் மண்ணும் குழைத்து அப்ப வேண்டும். அப்பா அலோன் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கி மேஸ்திரி. மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் போட்டு வருகிற இரும்புப் பட்டையை வெட்டும் கத்தரி ஒன்று அங்கிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. கைப்பிடியில் சிவப்புச் சாயம். அதுதான் அக்காவின் ஆயுதம். ஒரு கையால் அதை அழுத்த எனக்குப் பலம் போதாது.

அந்த வருஷம் எங்கள் சந்தில் அம்மை போட்டிருந்தது. முனை வீட்டில் இரண்டு பிள்ளைகள், எதிர் வரிசையில் ஒன்று. எல்லாரும் பத்து நாளில் எழுந்து ஓடினார்கள். அதனால் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, மறுநாள் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தபோது அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி வந்திருக்கா. ஒண்ணும் பயமில்ல. மரியாதையா வச்சிருந்தா மரியாதையாப் போயிருவா."

வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அந்தக் கொத்து தொங்கினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், உள்ளே இருப்பவர் வெளியே போகமாட்டார். குழம்பு தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. மருந்து கொடுக்கக் கூடாது, தாய்க்குக் கோபம் வரும். முக்கியமாகப் பச்சை எதிலும் கத்தி படக்கூடாது. வீட்டுக்குள் வந்திருக்கும் அம்மனின் உடம்பில் வெட்டுவதற்குச் சமம் அது என்று அப்பா சொன்னார். வேப்பிலையைக்கூட ஒடித்துத்தான் கொண்டுவந்தார். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, கத்தி, கத்தரி எதையும் தொடப்படாது. வெளங்குச்சா?" என்று தனியாக ஒருமுறை சொன்னார்.

என் அம்மாவின் தாய் பர்மாக்காரி. அம்மா எங்களோடு பர்மிய மொழியிலும் அப்பாவோடு தமிழிலும் பேசுவாள். அம்மன் காரியம் என்று வந்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு முறை தெரியாததால்தான் இப்படி ஆயிற்று என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு முனகியபோதும், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலை மூடச் சொன்னபோதும், குடித்த கஞ்சியை இரண்டு தரம் வாந்தி எடுத்தபோதும் அம்மா ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் குனிந்துகொள்வாள்.

மூன்றாம் நாளும் அப்பா வேலைக்குப் போகவில்லை. கோயிலில் அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வேப்பிலை வைத்தவருக்கு அதற்கு மட்டும் அனுமதி உண்டுபோல. அம்மா அசதியில் சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது.

"பாப்பா, லெட்பான் பூ விழுந்திருச்சா?"

"ரோடெல்லாம் கெடக்கு அக்கா."

"இந்த வாரம் வெட்டலன்னா திஞ்சானுக்குப் பழம் கெடயாது. நீ வெட்டிரு. அப்பா வர்றதுக்குள்ள வெட்டிரு. சாஞ்ச மாதிரி வெட்டணும், தெரியும்ல?"

"அப்பா கத்தரியைத் தொடக்கூடாதுன்னாரே."

"நான் சொன்னேன்னு வெட்டு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

காய்ச்சலில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள், பார்த்திருப்பீர்கள். அவளுக்கு அன்று அந்தச் செடிகள். வெட்டினால் அவள் எழுந்துவிடுவாள் என்று எனக்கும் தோன்றிவிட்டது. பழம் வரும்போது அவள் படுத்திருக்க முடியாதல்லவா?

கத்தரியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியின்மேல் என் முழு உடம்பையும் சாய்த்து வெட்டினேன். உயரக் கிளையைக் கீழே வளைத்துப் பிடித்துக்கொண்டு அதே வேலை. சாய்வு, கணு எதுவும் கிடையாது. பட்டை கிழிந்து தொங்கியது. கையெல்லாம் பால் பிசுபிசுத்தது. ஆறாவது செடியில் இருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். பர்மாக்காரர், தனியாள். நாங்கள் டோடோ என்று கூப்பிடுவோம், அத்தை மாதிரி. பகல் வேலை, ராத்திரி வேலை என்று மாறி மாறிப் போவார். அவர் பர்மிய மொழியில் பேசியதை நான் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தமீ, அக்காவுக்கு அம்மையா? கொப்புளத்துல தண்ணி கோத்திருக்கா?"

தமீ என்றால் மகளே. தண்ணீர் இல்லை, வெறும் சிவப்புப் புள்ளிதான், சிலது கறுத்துவிட்டது என்றேன். வாந்தி எடுத்தாளா என்று கேட்டார். வெளிச்சம் பிடிக்கவில்லையா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உள்ளே போ. தாடையை நெஞ்சுல படற மாதிரி குனியச் சொல்லு. பாத்துட்டு வந்து சொல்லு."

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முயன்றாள். கழுத்து மரம் மாதிரி நின்றது. வலி தாங்காமல் அவள் அழுதாள். நான் திரும்பி வந்து, முடியவில்லை டோடோ என்றேன்.

அவர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இது அம்மையில்ல தமீ. நல்லாக் கேளு. உங்கப்பா வந்த உடனே சொல்லு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு. எனக்கு இப்ப வேலைக்கு நேரமாச்சு. வாசல்ல இலை கட்டியிருக்கீங்க, நான் உள்ள வந்தா உங்கப்பா மனசு வருத்தப்படுவார். நீ சொல்லுவ இல்ல?"

"சொல்றேன் டோடோ."

மீதி இரண்டு செடிகளையும் வெட்டினேன். வெட்டிய கிளைகளை இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்தேன். கத்தரியைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்தேன். அப்பா விபூதியோடு வந்தார். அக்கா நெற்றியில் பூசிவிட்டு அவர் திரும்பியதும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, டோடோ வந்து..."

"டோடோவா? அவளை எங்க பாத்த நீ?"

பிசுபிசுத்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வாசல்ல வேப்பிலை தொங்குறப்ப வெளிய போனியா?"

"இல்லப்பா."

"பின்ன எங்க வச்சுப் பாத்த?"

வேலியோரம் என்று சொன்னால் அங்கே என்ன செய்தாய் என்பார். பின்பக்கம் போய்ப் பார்ப்பார். இவ்வளவுதான், நண்பர்களே. ஒன்பது வயதுக் குழந்தையின் தலைக்குள் நடந்தது இவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லப்பா," என்றேன்.

அவர் கை கழுவப் போய்விட்டார். சாயங்காலம் முழுக்க, சாப்பிட்ட பிறகு சொல்லலாம், அம்மாவிடம் சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தூங்கியும்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. எப்படித் தூக்கம் வந்தது எனக்கு?

காலையில் அப்பா பல் துலக்கப் பின்பக்கம் போனார். திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவர் மொட்டைச் செடிகளின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எட்டு வெட்டா வெட்டிட்டியே பாப்பா. அவ உடம்புல வெட்டிட்டியே. வா, வந்து மன்னிப்புக் கேளு."

பாலும் மஞ்சள் தண்ணீரும் கலந்த செம்பை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு செடியின் அடியிலும் ஊற்றி, அதைத் தொட்டுக் கும்பிட்டு, தாயே மன்னிச்சிடு என்று சொல்லவேண்டும். சொல்லிக்கொண்டே போனேன். அப்பா அக்காவைப் பார்க்க உள்ளே போனார். ஐந்தாவது செடியில் நான் குனிந்திருந்தபோது டோடோ இரவு வேலை முடிந்து வந்து வேலியருகே நின்றார். வெள்ளைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"தமீ, சொன்னியா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை டோடோ, பயமாக இருந்தது என்று அழுதிருந்தால் அவர் வேலியைத் தாண்டிக் குதித்து வந்திருப்பார். நான் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சொன்னேன். அப்பா வேண்டாம்னுட்டார்."

அவர் வேலியை விட்டு விலகினார். "அவர் பிள்ளை, அவர் சாமி," என்று மெல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மீதி மூன்று செடிகளிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்தேன்.

மத்தியானம் அக்காவுக்கு வலிப்பு வந்தது. அம்மா அலறிக்கொண்டு எழுந்தாள். பர்மிய மொழியில் அவள் அப்பாவைத் திட்டியது அன்றைக்குத்தான் முதல்முறை. ஓடிப்போய் வாசல் வேப்பிலையைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்தாள். அக்காவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, அந்த வழியே போன சைக்கா ரிக்ஷாவை மறித்து ஏறினாள். அப்பா செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடினார். கிழிந்த வேப்பிலையின் மேல் நான் தனியாக நின்றேன்.

மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னாராம். பிழைத்துவிடுவாள் என்று சொல்லவே நான்கு நாளாயிற்று. "நேத்தே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டதை அம்மா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதாள். நேற்று என்பது நான் 'ஒண்ணுமில்லப்பா' என்று சொன்ன நாள்.

அக்கா கண் விழித்துப் பேசிய முதல் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?"

காது போய்விட்டது. இரண்டு காதும். திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. செடியில் கத்தி பட்டதால் என்றார் அப்பா. அப்பாவின் பிடிவாதத்தால் என்றாள் அம்மா. அக்கா தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள், தான்தானே தங்கையை வெட்டச் சொன்னோம் என்று. என்னை அப்பா திட்டும்போதெல்லாம் குறுக்கே வந்து நின்று, அளவு தெரியாத உரத்த குரலில், "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு என்னோடது!" என்று கத்துவாள். செடி வெட்டிய குற்றத்தை நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பின்னால் மற்றதை ஒளித்துவைக்க முடிந்தது.

பழம் வந்தது. தாறுமாறாக வெட்டியும் அந்த வருஷம்போல என்றைக்கும் காய்த்ததில்லை. ஒன்றரை மாதத்தில் எட்டுச் செடியும் கறுத்துக் குனிந்து நின்றன. யாரும் பறிக்கவில்லை. திஞ்சானன்று தெருவில் ஒலிபெருக்கி அலற, அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, நனைந்து போகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் காக்கைகள் தின்று தீர்த்தன.

டோடோ அதற்கப்புறம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல்லியும் கேட்காத முரட்டு மனிதர் என்று அவர் நினைப்பு. அப்பாவோ, "ஆஸ்பத்திரியில வேல பாக்குறவ, பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலயே," என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வேலிக்கு இருபுறமும் இரண்டு நல்ல மனிதர்கள் இப்படி வெறுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நடுவில் நான் வளர்ந்தேன், பள்ளிக்கூடம் போனேன், கல்யாணமும் கட்டிக்கொண்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று டோடோ கியாக்தான் ஊரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு முப்பது வயதானபோது உண்மையைச் சொல்லியே தீருவது என்று பஸ் ஏறிப் போனேன். என்னைக் கட்டிக்கொண்டார். படகில் தீவுக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். படிக்கட்டில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டோம். "உங்கப்பா மட்டும் அன்னைக்குக் கேட்டிருந்தா," என்று அவராகவே ஆரம்பித்தார். வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் பொரி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அடுத்த வருஷம் அவர் இறந்த செய்தி வந்தது.

அப்பா போகும்போது அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் கூப்பினார். மகளைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா அந்தக் கைகளைப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவருகே நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. பிறகு அம்மாவும் போனாள். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் இங்கே திரும்பி வந்தேன். இப்போது நாங்கள் இருவர்தான்.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வேலியோரம் மூன்று செடிகள் மிச்சம். இந்தக் குளிர்க் கடைசியிலும் அவளேதான் வெட்டுகிறாள். இதை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் குனிந்து கணுத் தேடுவது தெரிகிறது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பலமுறை உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்காத முதுகிடம் சொல்வதற்குத் தைரியம் எதற்கு? எங்கள் பேச்சு எல்லாம் காகிதத்தில்தான். சோறு வெந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, மாத்திரை போட்டாயா என்று ஆயிரக்கணக்கான துண்டுக் காகிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதியதில்லை.

என் தமிழ் அரைகுறை என்று உங்களுக்குத் தெரியும். காது போனபிறகு அக்கா புத்தகங்களோடேயே இருந்துவிட்டதால் அவள் தமிழ் சுத்தம். கூட்டத்துக்கு நான் எதை எழுதினாலும் அவள் படித்துத் திருத்திய பிறகுதான் கொண்டுவருவேன். இதோ, கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் நிற்கிறாள்.

"முடிச்சுட்டியா பாப்பா? குடு, பிழை பாத்துத் தர்றேன்."

கொடுக்கப் போகிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அவள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.